இவ்வளவு தண்ணியும் எங்கே போச்சு? சென்னை 2019க்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

2019 கோடையில் புழல் ஏரியை வானத்திலிருந்து எடுத்த இரண்டு படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. முந்தைய வருஷப் படத்தில் கருநீலமாகத் தெரிந்த ஏரி, அடுத்த படத்தில் வெறும் மண் நிறத்தில் கிடந்தது. ஜூன் மாதத்தில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளிலும் சேர்த்து, மொத்தக் கொள்ளளவில் அரை சதவீதம்கூட இல்லை. லிஃப்டில், டீக்கடையில், ஆபீஸில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இவ்ளோ தண்ணியும் எங்க போச்சு?"

நல்ல கேள்வி. தண்ணீர் மாயமாக மறையும் பொருள் கிடையாது. பூமியில் இருக்கிற மொத்தத் தண்ணீர் நேற்றும் இன்றும் கிட்டத்தட்ட ஒன்றேதான். அப்படியானால் ஏரியில் இருந்தது எங்கேயோ போயிருக்க வேண்டும், வரவேண்டியது எங்கேயோ தங்கியிருக்க வேண்டும். வீட்டு மளிகைக் கணக்கு மாதிரி வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால் புரிந்துவிடும் என்று உட்கார்ந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் அளவு பிடிபட வேண்டும்

பேப்பரில் தினமும் "டிஎம்சி" என்று படிக்கிறோம். ஆயிரம் மில்லியன் கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,830 கோடி லிட்டர். இப்படிச் சொன்னால் யாருக்கும் எதுவும் தோன்றாது. இப்படிப் பாருங்கள்: 2019 வாக்கில் சென்னையின் ஒரு நாள் தேவை சுமார் 83 கோடி லிட்டர் என்று கணக்கிட்டிருந்தார்கள். வகுத்துப் பார்த்தால், ஒரு டிஎம்சி என்பது சென்னைக்கு 34 நாள் தண்ணீர். ஒரு டிஎம்சி, ஒரு மாதம். இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும், ஏரி நிலவரச் செய்தி எல்லாமே புரிய ஆரம்பித்துவிடும்.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் நிரம்பி வழிந்தால் மொத்தம் சுமார் 11.25 டிஎம்சி. பதினோரு மாதத்துக்குச் சற்று மேல் என்று சொல்லலாம்; நாள் கணக்கில் சரியாகப் போட்டால் ஒரு வருஷத்தைக் கொஞ்சம் தாண்டும். அதுவும் வெயில் ஒரு சொட்டுகூடக் குடிக்காமல், மண் ஒரு சொட்டுகூட உறிஞ்சாமல் இருந்தால்.

இதிலேயே பாதி விடை இருக்கிறது. சென்னையின் ஏரிகள் ஒரு வருஷத்துக்கான குதிர். இரண்டு வருஷத்துக்கான குதிர் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வந்து நிரப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். ஒரு போகம் தவறினால் அடுத்த கோடையில் குதிரின் அடி தெரியும்.

வரவு: பெய்யாத மழை எங்கே பெய்தது?

2015 டிசம்பரில் ஊரே மூழ்கியது நமக்கு நினைவிருக்கிறது. அதற்கப்புறம் என்ன நடந்தது என்று வரிசையாகப் பார்த்தால் 2019 அவ்வளவு திடீரென்று வந்ததாகத் தெரியாது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு நூறு வருஷத்துக்கும் மேலான பதிவுகளிலேயே மிக மோசமானவற்றில் ஒன்று. மாநில சராசரியில் 60 சதவீதத்துக்கும் மேல் பற்றாக்குறை. 2017 கோடையிலேயே ஏரிகள் வற்றி, மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கியிருந்த தண்ணீரைச் சுத்தம் செய்து ஊருக்குக் கொடுத்தார்கள். 2017 மழை சுமார் ரகம். 2018 மறுபடியும் பொய்த்தது. சென்னையில் சராசரியில் பாதிகூடப் பெய்யவில்லை.

2018இல் வங்காள விரிகுடாவில் புயலே வரவில்லையா என்றால், வந்தது. அக்டோபரில் தித்லி ஒடிசா, ஆந்திர எல்லைப் பக்கம் போனது. நவம்பர் 16இல் கஜா வேதாரண்யம் அருகே கரையேறி டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்தது. டிசம்பரில் பெய்ட்டி புயல் சென்னைக்கு நேர் கிழக்கே கடலில் வடக்கு நோக்கி நகர்ந்து, ஆந்திராவில் கோதாவரி மாவட்டங்களில் ஏறியது. நமக்குக் குளிர்காற்றும் மேகமூட்டமும் மட்டும்தான் மிச்சம். சென்னையின் மழையில் பெரிய பங்கு இப்படிப்பட்ட நாலைந்து புயல், காற்றழுத்தத் தாழ்வுகளை நம்பி இருக்கிறது. அவை எந்தப் பக்கம் ஒதுங்குகின்றன என்பதில் இருநூறு கிலோமீட்டர் வித்தியாசம் வந்தால் ஒரு ஊருக்கு வெள்ளம், இன்னொரு ஊருக்கு வறட்சி.

ஆக, வரவேண்டிய தண்ணீர் கடலிலும் ஆந்திராவிலும் டெல்டாவிலும் இறங்கிவிட்டது. காற்றில் ஏறுகிற ஈரம் சராசரியாக எட்டு, பத்து நாள்தான் மேலே தங்கும். எங்கேயாவது இறங்கியே ஆகவேண்டும். பூமியில் முக்கால்வாசி கடல் என்பதால் பெரும்பாலும் கடலில் இறங்கும். கோடையில் சென்னையில் சட்டை நனைய வியர்க்கிறதே, அந்தப் புழுக்கமே தலைக்கு மேலே தண்ணீர் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. அதைக் கீழே இறக்கும் ஏற்பாடுதான் அப்போது இருக்காது. காற்று மேலெழும்பிக் குளிர்ந்தால்தான் மழை. ஈரம் இருப்பது மட்டும் போதாது.

பெய்த மழையும் ஏன் ஏரிக்கு வரவில்லை?

நான் நிறைய நேரம் செலவழித்த பகுதி இது. மழை கால்வாசி குறைந்தால் ஏரிக்கு வருவதும் கால்வாசிதான் குறையும் என்று நாம் நினைப்போம். அப்படி நடப்பதில்லை. மழை கொஞ்சம் குறைந்தாலே ஏரிக்கு வரும் தண்ணீர் பல மடங்கு குறையும்.

காரணம் வரிசையில் யார் முன்னால் நிற்கிறார்கள் என்பதுதான். மழை விழுந்ததும் முதலில் குடிப்பது மண். காய்ந்த மண் முதல் இரண்டு, மூன்று மழையை அப்படியே விழுங்கிவிடும். அடுத்தது மரம், செடி, பயிர். அதற்கப்புறம் குட்டை, குளம். இவ்வளவு பேரும் வயிறு நிறையக் குடித்துவிட்டு வழியவிடுவதுதான் ஓடையாகி ஏரிக்கு வருகிறது. ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம்: ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, மண்ணும் செடியும் 900ஐ எடுத்துக்கொள்கின்றன, மிச்சம் 300 ஏரிக்கு. அடுத்த வருஷம் மழை 1,000 ஆகக் குறைகிறது. மண்ணும் செடியும் தங்கள் 900ஐ விட்டுக்கொடுக்காது. ஏரிக்கு 100தான். மழை ஆறில் ஒரு பங்கு குறைந்தது, ஏரிக்கு வந்தது மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. முந்தைய வருஷமும் வறட்சி என்றால் மண் இன்னும் அதிக தாகத்தோடு இருக்கும். "நல்லாத்தானே பேஞ்சுச்சு, ஏரி ஏன் ஏறல?" என்று நவம்பரில் கேட்கிறோமே, இதுதான் விஷயம்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. தொண்டைமண்டலத்து ஏரிகள் தனித்தனியாக வெட்டப்பட்டவை கிடையாது. சங்கிலி மாதிரி ஒன்றுக்குக் கீழே ஒன்று. மேல் ஏரி நிறைந்து கலங்கல் வழியாக வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். செம்பரம்பாக்கம் இந்தச் சங்கிலியில் கீழே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் போன்ற மேல் ஏரிகள் நிரம்பாத வருஷத்தில் செம்பரம்பாக்கத்துக்குத் தன் மேல் விழுந்த மழையும் பக்கத்து ஓடையும்தான் கதி. நடுவில் வரத்துக்கால்வாய் ஒன்று தூர்ந்துபோனாலோ, அதன் மேல் ஒரு லேஅவுட் எழுந்தாலோ சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்த மாதிரி. அதிக மழை வருஷத்தில் இது வெள்ளமாகத் தெரியும், குறைந்த மழை வருஷத்தில் வறட்சியாகத் தெரியும். பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் இருந்தது, இன்று எஞ்சியிருப்பது அதில் மிகச் சிறிய பங்கு. மழைக்காலத்தில் தேக்கி, கோடையில் மெதுவாகக் கசியவிடும் பஞ்சு அது. பஞ்சைப் பிடுங்கிவிட்டுத் தரையில் தண்ணி நிற்கிறதே என்றும், அப்புறம் தரை காய்ந்துவிட்டதே என்றும் வருத்தப்படுகிறோம்.

செலவு ஒன்று: வெயில் குடிப்பது

இப்போது செலவுப் பக்கம். சென்னை மாதிரி ஊரில் திறந்த நீர்ப்பரப்பு கோடையில் ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் ஆவியாகும். அரை சென்டிமீட்டர். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. ஜனவரியிலிருந்து ஜூன் வரை 180 நாளுக்குப் பெருக்குங்கள்: 90 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 3 அடி. செம்பரம்பாக்கத்தின் முழு உயரமே 24 அடி. அதுவும் மதகுப் பக்கத்து ஆழம். தரை சரிவாக இருப்பதால் ஏரியின் சராசரி ஆழம் அதைவிட ரொம்பக் குறைவு. நம் ஏரிகள் தாம்பாளம் மாதிரி, அகலம் அதிகம், ஆழம் குறைவு. தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் சொம்பில் ஊற்றியதைவிட எவ்வளவு சீக்கிரம் காயும் என்று வடகம் போடும் யாருக்கும் தெரியும்.

வற்ற வற்ற நிலைமை மோசமாகும். சராசரி ஆழம் 4 மீட்டர் இருக்கும்போது 5 மில்லிமீட்டர் என்பது ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். ஆழம் 1 மீட்டராகும்போது அதே 5 மில்லிமீட்டர் ஆயிரத்தில் ஐந்து. கையிருப்பு குறையக் குறைய வெயிலின் பங்கு ஏறுகிறது. கடைசி இரண்டு மாதத்தில் ஏரி சட்டென்று காணாமல் போனதுபோலத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

ஒரு ஒப்பீடு சொல்கிறேன். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். மாலை, வாழைமரம், கேமரா எல்லாம் இருந்தன. ஒரு சதுர கிலோமீட்டர் ஏரிப்பரப்பில் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியானால் அது 50 லட்சம் லிட்டர். அதாவது இரண்டு ரயில். நாளுக்கு நாலு நடை ஓட்டி ஒரு கோடி லிட்டர் கொண்டுவருவது திட்டம். அது இரண்டு சதுர கிலோமீட்டர் ஏரி ஒரே நாளில் சத்தமில்லாமல் வானத்துக்கு அனுப்புகிற அளவு. ரயில் விட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்த ஒரு கோடி லிட்டரும் யாரோ சில ஆயிரம் வீடுகளுக்கு அன்றைய சமையல். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் எவ்வளவு சின்னது, தெரியாதது எவ்வளவு பெரியது என்பதற்கு இது ஒரு அளவுகோல்.

2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டதை வைத்து நாம் சிரிக்காத சிரிப்பு இல்லை. காற்றடித்ததும் எல்லாம் கரை ஒதுங்கிவிட்டது. ஆனால் அது தீர்க்க நினைத்த பிரச்சினை உண்மையானது. லாஸ் ஏஞ்சல்ஸில் 2015இல் ஒரு நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கருப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். முதல் நோக்கம், வெயில் பட்டு நீரில் வேண்டாத ரசாயனம் உருவாகாமல் தடுப்பது; ஆவியாதல் குறைந்தது கூடுதல் லாபம். பெரிய ஏரிகளுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. நமக்குத் தெரிந்த மலிவான மூடி ஒன்றுதான்: மண். நிலத்துக்கு அடியில் போன தண்ணீரை வெயில் அவ்வளவு எளிதில் தொட முடியாது.

செலவு இரண்டு: நாம் குடிப்பது

வீட்டுக்கு வந்த தண்ணீர் எங்கே போகிறது? குடித்தது, சமைத்தது போக, குளித்தது, துவைத்தது, கழுவியது எல்லாம் சாக்கடையாக வெளியே போகிறது. பொதுவாக வீட்டுக்கு வருவதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வைக்கிற கணக்கு. 2019இல் குழாய் விநியோகத்தை ஒரு நாளைக்கு 52.5 கோடி லிட்டராகக் குறைத்தார்கள். அதில் 80 சதவீதம் என்றால் 42 கோடி லிட்டர். ஏரிகள் காய்ந்து கிடந்த அதே கோடையில் ஒரு சின்ன ஆறு அளவுக்குத் தண்ணீர் தினமும் சாக்கடைக் குழாய்களில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 168 ரயில் அளவு, ஒவ்வொரு நாளும்.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "பயன்படுத்திய தண்ணீர்" வேறு, "தீர்ந்துபோன தண்ணீர்" வேறு. குளித்த தண்ணீர் அழுக்காகிறது, தீர்வதில்லை. சுத்தம் செய்தால் திரும்பக் கிடைக்கும். வயலில் நெல் உறிஞ்சி இலை வழியாக விடுவது ஆவியாகிப் போய்விடுகிறது. அந்த ஊருக்கு அது தீர்ந்த தண்ணீர். உலகம் முழுக்க மனிதர்கள் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. இந்தியாவில் அது இன்னும் அதிகம். ஒரு கிலோ அரிசிக்குச் சராசரியாக 2,500 லிட்டர் என்கிறார்கள். இதைச் சொன்னதும் "அப்போ விவசாயிதான் காரணமா" என்று ஒரு குரல் வரும். அந்த அரிசி யார் தட்டில் இருக்கிறது என்று பார்த்தால் பதில் தெரிந்துவிடும். ஊர்க்காரர்களாகிய நாம் குடத்தில் எடுக்கும் தண்ணீரைவிடச் சோற்றில் எடுக்கும் தண்ணீர்தான் பல மடங்கு அதிகம்.

கழிவுநீர் விஷயத்தில் சென்னை ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகள் 1990களிலேயே சுத்திகரித்த கழிவுநீரை வாங்க ஆரம்பித்தன. 2019 இறுதியில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மறுசுத்திகரிப்பு நிலையங்கள் தொழிற்சாலைகளுக்காகவே வந்தன. ஒரு தொழிற்சாலை கழிவுநீரை எடுத்துக்கொண்டால் அத்தனை லிட்டர் ஏரித் தண்ணீர் ஒரு வீட்டுக்கு மிச்சம்.

மண்ணுக்குக் கீழே: விதைநெல்

ஏரி வற்றினால் ஊர் உடனே செத்துவிடுவதில்லை. காரணம், நிலத்தடி நீர். சென்னையின் தரை ஒரே மாதிரி கிடையாது. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடற்கரை மணல். மழை விழுந்தால் சல்லடை மாதிரி உள்ளே போகும், நாலைந்து நல்ல மழையில் கிணறு ஏறும். மேற்கிலும் வடக்கிலும் பல இடங்களில் களிமண், மெதுவாகத்தான் இறங்கும். கிண்டி, பரங்கிமலைப் பக்கம் பாறை. வெடிப்புகளில் மட்டும்தான் தண்ணீர்.

நாங்கள் இருந்த அடுக்ககத்தில் பழைய திறந்த கிணறு ஒன்று உண்டு. அந்த மார்ச்சில் அது வற்றியது. பக்கத்துக் கட்டடத்தில் 300 அடிக்கு போர் இறக்கிய இரண்டாவது வாரம் அது. சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அவங்க 300ன்னா நாம 400 போடுவோம் சார்" என்றார். கை தட்டினார்கள். மூன்றாவது மாடிப் பாட்டி ஒருவர் மட்டும், "அப்புறம் அவா 500 போடுவா, எங்கப்பா போய் முடியறது இது?" என்று கேட்டார். அதற்குக் கூட்டத்தில் பதில் வரவில்லை. போர் மட்டும் போடப்பட்டது.

பாட்டி கேட்டதுதான் சரியான கேள்வி. ஒரு ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் ஓடும்போது அதைச் சுற்றி நீர்மட்டம் புனல் மாதிரிச் சரியும். பக்கத்துக் கிணற்றின் ஊற்று இந்தப் புனலுக்குள் வந்துவிட்டால் அந்தக் கிணறு காயும். நம் நாட்டில் 1882ஆம் ஆண்டின் உரிமைச் சட்டத்திலிருந்து வருகிற வழக்கப்படி, நிலத்தின் சொந்தக்காரர் தன் நிலத்துக்கு அடியிலிருக்கும் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம். தண்ணீருக்கு மதில்சுவர் தெரியாது. எல்லோருக்கும் பொதுவான குதிரில் யார் நீளமான கை வைத்திருக்கிறாரோ அவருக்குக் கடைசி மரக்கால்.

கடலோரத்தில் ஆபத்து இன்னொரு படி அதிகம். நன்னீர் உப்புநீரைவிட லேசானது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் எடை கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரைக்கும் உப்புத் தண்ணீரைத் தள்ளி வைக்கும். மேலே ஒரு அடியை உறிஞ்சினால் கீழே 40 அடி உப்பு ஏற இடம் கொடுக்கிறோம். வடக்கே மீஞ்சூர் பகுதியில் இது ஏட்டுக் கணக்காக இல்லாமல் நிஜமாகவே நடந்தது. பல பத்தாண்டுகள் ஊருக்கும் தொழிற்சாலைக்கும் வயலுக்குமாக எடுத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஏரி காய்ந்தால் அடுத்த மழையில் நிரம்பும். உப்பேறிய நிலத்தடி அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. அதனால்தான் அதை விதைநெல் என்கிறேன். பஞ்சத்தில் குத்திச் சாப்பிடலாம். அடுத்த வருஷம் விதைக்க என்ன இருக்கும்?

2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது இந்த இடத்தில்தான் பொருள்படுகிறது. மாநகராட்சி எல்லை 426 சதுர கிலோமீட்டர். ஒரு சராசரி வருஷம் 1,400 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால், ஊரின் தலையில் விழுவதே சுமார் 21 டிஎம்சி. ஊரின் வருஷத் தேவை, நாளுக்கு 83 கோடி லிட்டர் என்றால், 10.7 டிஎம்சி. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விழுகிறது. எல்லாவற்றையும் பிடிக்க முடியாது, அது ஐம்பது நாளைக்குள் கொட்டிவிடுகிறது. ஆனால் கால்வாசியை மண்ணுக்குள் அனுப்பினாலே ஐந்து மாதத் தண்ணீர். அந்தக் குழியில் சேறு அடைந்திருக்கிறதா என்று வருஷம் ஒருமுறை திறந்து பார்க்கிற வீடு எத்தனை இருக்கும்?

வறட்சி வேறு, தட்டுப்பாடு வேறு

இவ்வளவு தூரம் வந்தபிறகு ஒரு விஷயம் தெளிவாகிறது. வறட்சி வானத்தில் நடப்பது. தட்டுப்பாடு தரையில் நடப்பது. மழை குறைந்தால் வறட்சி. நாம் எதிர்பார்த்து வைத்திருக்கும் தேவைக்கும் கையிருப்புக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் தட்டுப்பாடு.

பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டி முடிந்தது. அதற்கப்புறம் அடுத்த புதிய ஏரி என்று சென்னைக்கு வந்தது 2020 நவம்பரில் திறந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகைதான். அரை டிஎம்சி, நம் கணக்கில் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். நடுவில் மாநகராட்சி எல்லை 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. சாப்பிடுகிறவர்கள் பெருகினார்கள், குதிர் அப்படியே இருந்தது.

நடுவில் வெளியிலிருந்து உதவி தேடினோம். கிருஷ்ணா நீர் ஒப்பந்தத்தில் சென்னைக்காக ஒதுக்கியது வருஷம் 15 டிஎம்சி. அதில் 3 வழியில் ஆவியாகவும் கசிந்தும் போகும் என்று ஒப்பந்தத்திலேயே கழித்து, எல்லையில் 12 டிஎம்சி தரவேண்டும் என்று எழுதினார்கள். ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே போகும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்ட கணக்கு அது. பெரும்பாலான வருஷங்களில் முழு அளவு வந்ததே இல்லை. வாய்க்கால் வருகிற வழியெல்லாம் தாகமுள்ள வயல்கள், அவர்களுக்கும் அதே வறட்சி.

2019இல் ஊரைக் காப்பாற்றியது எது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். ஒன்று வீராணம். 235 கிலோமீட்டர் குழாயில் நாளுக்கு 18 கோடி லிட்டர் வரை. சோழர் காலத்து ஏரி, நிரப்பியது காவிரி. 2018 ஜூலையில் குடகில் கொட்டிய தென்மேற்குப் பருவமழையால் மேட்டூர் நிரம்பியது. சென்னைக்கு மழை தராத அதே வருஷம், வேறொரு பருவமழை வேறொரு மலையில் பெய்து நமக்குச் சோறு போட்டது. இன்னொன்று, மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இருந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள். தலா 10 கோடி லிட்டர் திறன். ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் கேட்கும், காசு அதிகம். ஆனால் கடல் பருவமழையைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. ஒரே மழையை நம்பியிருந்த ஏரிகள் ஒன்றாகக் காய்ந்தன. வேறு வேறு இடத்தை நம்பியிருந்தவை தாக்குப்பிடித்தன. விவசாயக் குடும்பத்தில் ஒரு பையனையாவது வேறு வேலைக்கு அனுப்பி வைப்பார்களே, அதே யோசனை.

தட்டுப்பாடு எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழவில்லை என்பதையும் கணக்கில் எழுதவேண்டும். நகரங்களில் ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடும்போது வைக்கும் அளவு. தெருத் தொட்டியில் பத்துக் குடம் பிடித்த ஐந்து பேர் குடும்பத்துக்குக் கிடைத்தது, குடத்துக்கு 15 லிட்டர் என்று போட்டால், ஆளுக்கு 30 லிட்டர். அதைப் பிடிக்க ஒரு பெண் அன்றைய வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்றிருப்பார். அடுக்ககங்கள் தனியார் லாரி வாங்கின. லாரி எங்கே நிரப்பிக்கொண்டு வந்தது? ஊருக்கு வெளியே வயல் கிணறுகளில். அந்தக் கிணற்றுக்குப் பக்கத்துக் கிணறு யாருடையது, அது எப்போது வற்றியது என்று லாரி பில்லில் எழுதியிருக்காது. வறட்சிக் காலத்தில் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைவிட, பணம் இல்லாத இடத்திலிருந்து இருக்கிற இடத்துக்கு வேகமாக ஓடுகிறது.

கணக்கை முடித்தால்

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அந்த வேகத்தில் 24 மணி நேரம் ஓடினால் இரண்டரை டிஎம்சி. சென்னைக்கு இரண்டரை மாதத் தண்ணீர் ஒரே நாளில் அடையாறு வழியாகக் கடலுக்கு. மூன்றரை வருஷம் கழித்து ரயிலில் தண்ணீர். இரண்டும் ஒரே ஊர், ஒரே ஏரி. இரண்டையும் தனித்தனிப் பேரிடராகப் பார்த்தால் ஒன்றுக்கு வடிகால், இன்னொன்றுக்கு லாரி என்று தனித்தனித் தீர்வுதான் தோன்றும்.

அதனால் அடுத்த முறை ஏரி நிலவரம் படிக்கும்போது ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். டிசம்பர் 31ஆம் தேதி நான்கு ஏரிகளிலும் சேர்த்து எத்தனை டிஎம்சி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வெயிலுக்கு ஒரு பங்கைக் கழியுங்கள். மீதி எத்தனை டிஎம்சியோ, கிட்டத்தட்ட அத்தனை மாதம். வீராணமும் கடல்நீரும் வேறு சேர்வதால் இன்னும் கொஞ்சம் நீளும். ஆறுக்குக் கீழே என்றால் கோடை இறுகப்போகிறது என்று ஜனவரி ஒன்றாம் தேதியே தெரிந்துவிடும். 2019 ஜூனில் வந்த தட்டுப்பாடு 2018 டிசம்பர் கடைசியிலேயே இந்த எண்ணில் எழுதியிருந்தது. ஆறு மாதம் முன்பே விநியோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஏரி தரை தெரிகிறவரை எடுத்துவிட்டு ஒரே நாளில் குழாயை மூடுவதா என்பது நாம் கேட்கவேண்டிய கேள்வி. அதைக் கேட்கும் மாதம் ஜனவரி. ஜூனில் கேட்டால் லாரிக்காரர் மட்டும்தான் பதில் சொல்வார்.